நெட் கெல்லி: நாயகனா, கொலைகாரனா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெட் கெல்லி யார்?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் பிரிட்டிஷ் குடியேற்ற நாடாக இருந்த காலத்தில், பின்னர் அதன் வடகிழக்குப் பகுதியில் குடியேறிய ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் 1850களின் நடுவில் பிறந்தவர் எட்வர்ட் கெல்லி. ஊரார் அவரை நெட் என்று அழைத்தார்கள். அவருடைய தந்தை ஜான் கெல்லி, அயர்லாந்தின் டிப்பரேரி மாவட்டத்தில் இரண்டு பன்றிகளைத் திருடிய குற்றத்துக்காகக் கப்பலேற்றப்பட்டு, இன்று டாஸ்மேனியா எனப்படும் தீவுக்கு நாடுகடத்தப்பட்டவர். தண்டனை முடிந்தபின் விக்டோரியாவுக்கு வந்து எலன் குவின் என்பவரை மணந்தார். தந்தை 1866-ல் இறந்தபோது நெட் பதின்வயதைக்கூட எட்டாத சிறுவன்.

1878 அக்டோபர் 26 அன்று ஸ்டிரிங்கிபார்க் ஓடை என்ற காட்டுப் பகுதியில் நெட்டும் அவருடைய கூட்டாளிகளும் மூன்று காவலர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அதன்பின் நெட், அவருடைய தம்பி டான், நண்பர்கள் ஜோ பைர்ன், ஸ்டீவ் ஹார்ட் ஆகிய நால்வரையும் கண்ட இடத்தில் எவரும் சுடலாம் என்று அறிவிக்கும் சட்டம் விக்டோரியாவில் நிறைவேற்றப்பட்டது. ஏறத்தாழ 20 மாதங்கள் பிடிபடாமல் திரிந்து, இரண்டு வங்கிகளைக் கொள்ளையடித்த இந்தக் குழு, 1880 ஜூன் மாத இறுதியில் கிளென்ரோவன் என்ற சிற்றூரில் காவல்துறையோடு மோதி அழிந்தது. உயிரோடு பிடிபட்டவர் நெட் மட்டுமே. 1880 நவம்பர் 11 அன்று மெல்பன் சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அப்போது அவருக்கு வயது சுமார் 25.

கெல்லி குடும்பத்தைக் காவல்துறை வேண்டுமென்றே துன்புறுத்தியதா?

ஆம். இதை மறுத்துவிட்டு நெட் கெல்லியின் கதையை நேர்மையாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் குடும்பத்தில் திருட்டு இருந்ததையும் மறைக்கக் கூடாது.

1860களில் விக்டோரியா அரசு கொண்டுவந்த நிலச் சட்டங்கள், ஏழைக் குடியானவர்கள் சிறு நிலங்களைத் தவணை முறையில் பெற வழிசெய்தன. ஆனால் நீரும் புல்லும் நிறைந்த நல்ல நிலங்கள் பெரும்பாலும் பெருங்கால்நடைப் பண்ணையாளர்களின் பிடியிலேயே இருந்தன. கிரெட்டா ஊருக்கு அருகே எலன் கெல்லி வாழ்ந்த நிலமும் எளிதில் விளைச்சல் தரக்கூடியதன்று. வழிதவறிய மாட்டையும் குதிரையையும் பண்ணையாளர்கள் அடைத்துவைத்து அபராதம் வாங்குவதும், குடியானவர்களின் பிள்ளைகள் இரவில் அவர்களுடைய குதிரைகளை ஓட்டிச் செல்வதும் அந்தப் பகுதியின் அன்றாடச் சண்டையாக இருந்தன. நெட் 15 வயதளவில் ஹாரி பவர் என்ற வழிப்பறிக் கொள்ளையரோடு சுற்றினார். பின்னர் திருட்டுக் குதிரையை வைத்திருந்ததற்காக மூன்றாண்டுச் சிறைத்தண்டனை பெற்று, 1874-ல் வெளிவந்தார். சில காலம் மர அறுவை ஆலையில் ஒழுங்காக வேலை செய்தபின், மீண்டும் குதிரைத் திருட்டில் இறங்கினார். இதை அவரே பின்னாளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

மறுபக்கத்தில், 1877-ல் அந்தக் குடும்பத்தின் வீட்டைப் பார்வையிட்ட நிக்கல்சன் என்ற உயரதிகாரி, இவர்கள் எவ்வளவு சிறிய குற்றம் செய்தாலும் பிடித்து பென்ட்ரிட்ஜ் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்றும், அவர்களுக்கு அக்கம்பக்கத்தில் இருக்கும் செல்வாக்கைக் குலைப்பதே நோக்கம் என்றும் தன் கீழுள்ளவர்களுக்கு அறிவுறுத்தினார். குற்றத்தைத் தண்டிப்பது வேறு, ஒரு குடும்பத்தின் தலைநிமிர்வை உடைப்பதையே குறிக்கோளாக வைத்துக்கொள்வது வேறு. இந்த இரண்டாவது வேலை காவல்துறையின் வேலையன்று.

தாய் எலன் சிறைக்குச் சென்றது எப்படி?

1878 ஏப்ரல் 15 அன்று அலெக்சாண்டர் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற இளங்காவலர், குதிரைத் திருட்டு வழக்கில் டானைக் கைது செய்வதற்காகத் தனியாகக் கெல்லி வீட்டுக்குச் சென்றார். அங்கே நெட் தன்னைக் கொல்ல முயன்று மணிக்கட்டில் சுட்டதாகவும், எலன் அடுப்புக் கரண்டியால் தலையில் அடித்ததாகவும் அவர் திரும்பிவந்து சொன்னார். தான் அந்த இடத்திலேயே இல்லை என்று நெட் சாதித்தார். நெட்டின் சகோதரியிடம் ஃபிட்ஸ்பாட்ரிக் தகாத முறையில் நடந்துகொண்டதுதான் சண்டைக்குக் காரணம் என்ற பேச்சும் குடும்பத்தின் பக்கத்திலிருந்து எழுந்தது. வீட்டுக்குள் நடந்தவற்றுள் எவ்வளவு உண்மை என்பது இன்றளவும் வழக்காகவே இருக்கிறது.

விவாதத்துக்கு இடமில்லாதது தண்டனைதான். கைக்குழந்தையோடு இருந்த எலனுக்கு நீதிபதி ரெட்மண்ட் பாரி மூன்றாண்டுக் கடுங்காவல் விதித்தார். உடன் குற்றஞ்சாட்டப்பட்ட இரண்டு ஆண்களுக்கு ஆளுக்கு ஆறாண்டு. இத்தனைக்கும் அடிப்படை, பெரும்பாலும் ஃபிட்ஸ்பாட்ரிக்கின் வாக்குமூலமே. அவர் 1880-ல் நடத்தைக் கேட்டுக்காகக் காவல்துறையிலிருந்து நீக்கப்பட்டார் என்பது, அந்தத் தீர்ப்பு எவ்வளவு பலவீனமான சாட்சியத்தின் மேல் நின்றது என்பதைக் காட்டுகிறது. நெட் கெல்லியின் கோபத்துக்கு நியாயமே இல்லை என்று வாதிடுவோர் முதலில் இந்தத் தீர்ப்புக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஸ்டிரிங்கிபார்க் ஓடையில் நடந்தது தற்காப்பா, கொலையா?

சார்ஜண்ட் மைக்கேல் கென்னடி, காவலர்கள் தாமஸ் லோனிகன், மைக்கேல் ஸ்கேன்லன், தாமஸ் மெக்கின்டயர் ஆகிய நால்வர் கெல்லி சகோதரர்களைத் தேடிச் சாதாரண உடையில் காட்டுக்குள் சென்று கூடாரம் அடித்திருந்தார்கள். வழக்கத்துக்கு மீறிய ஆயுதங்களோடு சென்றார்கள் என்பதும் உண்மை. அவர்கள் தங்களைப் பிடிக்க வரவில்லை, கொல்லவே வந்தார்கள் என்று நெட் நம்பினார்.

கென்னடியும் ஸ்கேன்லனும் ரோந்து சென்றிருந்த வேளையில், நெட்டின் குழு கூடாரத்தைச் சூழ்ந்துகொண்டு கையைத் தூக்கச் சொன்னது. மெக்கின்டயர் தூக்கினார். லோனிகன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் ஒரு மரக்கட்டையின் பின்னால் மறைந்து தன்னைக் குறிவைத்தார் என்பது நெட்டின் கூற்று. துப்பாக்கியை எடுக்கவே அவருக்கு நேரமிருக்கவில்லை என்பது நீதிமன்றத்தில் மெக்கின்டயர் சொன்ன சாட்சியம். மாலையில் மற்ற இருவரும் திரும்பியபோது மீண்டும் சண்டை மூண்டது. ஸ்கேன்லன் அங்கேயே இறந்தார். அந்தக் குழப்பத்தில் மெக்கின்டயர் ஒரு குதிரையில் தப்பினார். கென்னடி மரத்துக்கு மரம் மறைந்து சுட்டபடியே பின்வாங்கினார்; நெட் அவரை விரட்டிச் சென்று வீழ்த்தினார். காயத்தோடு கிடந்தவரை மார்பில் சுட்டு முடித்தார். உயிர் பிழைக்க மாட்டார் என்பதால் இரக்கப்பட்டுச் செய்ததாக அவர் பின்னர் விளக்கினார். கென்னடியின் பைக்கடிகாரத்தை எடுத்துக்கொண்டு போனவரின் வாயிலிருந்து வந்த விளக்கம் அது.

என் கருத்தில், லோனிகனின் மரணத்தில் தற்காப்பு என்ற வாதத்துக்குச் சிறிது இடம் உண்டு. கென்னடியின் மரணத்தில் அப்படி ஓர் இடமும் இல்லை. கொல்லப்பட்ட மூவருமே அயர்லாந்தில் பிறந்தவர்கள் என்பதையும், அவர்களுள் இருவருக்கு மனைவியும் குழந்தைகளும் இருந்தார்கள் என்பதையும், இதை ஐரிஷ் மக்களுக்கும் ஆங்கில ஆட்சிக்கும் நடந்த போராக மட்டும் சித்திரிப்பவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

பணக்காரரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தாரா?

ஓரளவுக்கு. 1878 டிசம்பரில் யூரோவாவிலும், 1879 பிப்ரவரியில் எல்லை தாண்டி நியூ சவுத் வேல்ஸின் ஜெரில்டெரியிலும் நடந்த வங்கிக் கொள்ளைகளில் ஒவ்வொன்றிலும் சுமார் 2000 பவுண்டு கிடைத்தது. இரண்டிலும் ஒரு துப்பாக்கிக் குண்டுகூட எவர் மேலும் பாயவில்லை. ஜெரில்டெரியில் காவலர்களை அவர்களுடைய சிறையிலேயே அடைத்துவிட்டு, அவர்களுடைய சீருடையை அணிந்துகொண்டு ஊருக்குள் நடமாடினார்கள். வங்கியின் கடன் ஏடுகள் சிலவற்றை நெட் எரித்தார். கொள்ளைப் பணம் உறவினர்கள், ஆதரவாளர்கள் கைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்களுட் பலர் உண்மையிலேயே ஏழைகள். ஆயினும் அது ஒரு குழு தன்னைக் காப்பாற்றுவோரைக் காப்பாற்றிக்கொண்ட ஏற்பாடு. ஊர்பேர் தெரியாத ஏழைக்கு வாரி வழங்கிய வள்ளல் என்ற படம் பின்னால் வந்தவர்கள் வரைந்தது.

ஜெரில்டெரி கடிதம் எதைச் சொல்கிறது?

நெட் சொல்ல ஜோ பைர்ன் எழுதிய, ஏறத்தாழ 8000 சொற்கள் கொண்ட இந்தக் கடிதத்தை அச்சிட்டு வெளியிட வேண்டும் என்பதற்காகவே ஜெரில்டெரிக்குக் கொண்டுவந்தார்கள். ஊர்ப் பத்திரிகை ஆசிரியர் தப்பி ஓடிவிட்டதால், வங்கி ஊழியர் ஒருவரிடம் அது ஒப்படைக்கப்பட்டது. நெட் உயிரோடு இருந்தவரை அது முழுமையாக அச்சேறவில்லை. இப்போது விக்டோரியா மாநில நூலகத்தில் இருக்கிறது.

நிறுத்தற்குறிகள் அரிதாகத் தென்படும், மூச்சுவிடாமல் ஓடும் அந்தப் பக்கங்களில் தாய்க்கு நேர்ந்த அநீதி, ஃபிட்ஸ்பாட்ரிக்கின் பொய், பண்ணையாளர்களின் பேராசை, அயர்லாந்தின் பழைய காயங்கள் அனைத்தும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. எழுத்தறிவு குறைந்த ஒரு சமூகத்தின் குரல் இவ்வளவு வேகத்தோடு பதிவானது அரிது. அதை நான் மதிக்கிறேன். அதே கடிதம், தன்னைக் காட்டிக்கொடுப்பவர்களுக்கும் காவல்துறைக்கு உதவுபவர்களுக்கும் கொடூரமான மரணத்தை வாக்களிக்கிறது. முதல் பாதியை மேற்கோள் காட்டிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுவது படிப்பவரை ஏமாற்றும் செயல்.

இரும்புக் கவசம் எதற்காகச் செய்யப்பட்டது?

முழு விவாதமும் இந்தக் கேள்வியில்தான் தங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் இதைக் கேட்பவர்கள் குறைவு.

கலப்பையில் மண்ணைப் புரட்டிவிடும் இரும்புத் தகடுகளைக் காய்ச்சி அடித்துச் செய்த நான்கு கவசங்கள் அவை. நெட்டின் கவசம் மட்டும் சுமார் 44 கிலோ எடை கொண்டது. வாளி போன்ற தலைக்கவசமும், கண்ணுக்கு ஒரு நீள்பிளவும் கொண்ட அந்த உருவம் இன்று ஓவியங்களிலும், அஞ்சல் பெட்டிகளிலும், பச்சைகுத்தல்களிலும் காணப்படுகிறது. 2000-ல் சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவிலும் அது இடம்பெற்றது. தனி மனிதன் ஆதிக்கத்தை எதிர்த்து நிற்பதன் சின்னமாக அதைக் கொண்டாடுகிறார்கள்.

ஆனால் நடந்தது இது. 1880 ஜூன் 26 அன்று ஜோ பைர்ன், தன் சிறுவயது நண்பரான ஆரன் ஷெரிட்டை அவருடைய குடிசை வாசலிலேயே சுட்டுக் கொன்றார். ஷெரிட் காவல்துறைக்குத் தகவல் கொடுப்பவர் என்ற சந்தேகம் ஒரு காரணம். அந்தச் செய்தியைக் கேட்டதும் மெல்பனிலிருந்து சிறப்பு ரயிலில் காவலர்கள் விரைவார்கள் என்ற கணக்கு மற்றொரு காரணம். அந்த ரயிலை எதிர்பார்த்து, கிளென்ரோவனுக்கு அப்பால், வளைவும் பள்ளமுமான இடத்தில், ரயில்வே தொழிலாளர்களைத் துப்பாக்கிமுனையில் கட்டாயப்படுத்தித் தண்டவாளத்தைப் பெயர்க்கச் செய்தார் நெட். கவிழ்ந்து நொறுங்கிய ரயிலிலிருந்து எவராவது எழுந்து சுட்டால் அவர்களை எதிர்கொள்வதற்குக் கவசம். ரயில் வரும்வரை ஊர்மக்கள் சுமார் 60 பேரை ஆன் ஜோன்ஸ் என்பவரின் விடுதியில் அடைத்துவைத்தார்கள்.

ரயிலில் காவலர்களும் குயின்ஸ்லாந்திலிருந்து வரவழைக்கப்பட்ட பழங்குடித் தடம் காண்போரும் இருந்தார்கள். அவர்களோடு பத்திரிகையாளர்களும், ரயிலை ஓட்டிய தொழிலாளர்களும், ஓர் அதிகாரியின் மனைவியும் அவருடைய சகோதரியும் இருந்தார்கள். திட்டம் நிறைவேறியிருந்தால் அவர்களுள் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஸ்டிரிங்கிபார்க் ஓடையில் நடந்ததைப் பதற்றத்தில் நடந்தது என்று வாதிடலாம். கிளென்ரோவன் வாரக்கணக்கில் உட்கார்ந்து திட்டமிட்டது. மக்கள் மிகுதியாகக் கொண்டாடும் அந்தக் கவசம், அவருடைய வாழ்க்கையில் எந்த நியாயமும் சொல்ல முடியாத செயலுக்காகவே செய்யப்பட்டது.

அந்த ரயில் ஏன் கவிழவில்லை?

தாமஸ் கர்னோ என்ற பள்ளி ஆசிரியரால். அவரும் பிடித்துவைக்கப்பட்டவர்களுள் ஒருவர். நெட்டிடம் நயமாகப் பேசி நம்பிக்கையைப் பெற்று, குடும்பத்தோடு வீடு திரும்ப அனுமதி வாங்கினார். பின்னிரவில் ஒரு மெழுகுவத்தியையும் சிவப்புக் கழுத்துத் துணியையும் எடுத்துக்கொண்டு தண்டவாளத்துக்கு ஓடி, துணிக்குப் பின்னால் வெளிச்சத்தைப் பிடித்து, முன்னால் வந்த இஞ்சினை நிறுத்தினார். பிடிபட்டிருந்தால் அவருடைய குடும்பமே தப்பியிருக்காது. அதன்பின் அந்த வட்டாரத்தில் வாழ முடியாமல் இடம்பெயர்ந்தார். நெட்டின் பெயரை அறிந்த நூறு பேரில் எத்தனை பேருக்குக் கர்னோவின் பெயர் தெரியும்? கிளென்ரோவன் நிகழ்ச்சியில் நாயகன் ஒருவர் வேண்டுமென்றால் அவர் இவர்தான்.

விடுதியில் இருந்த பொதுமக்களைக் கொன்றது காவல்துறைதானே?

உண்மை. உள்ளே பெண்களும் குழந்தைகளும் இருப்பது தெரிந்தும் காவலர்கள் மெல்லிய பலகைச் சுவர்களை நோக்கி மாரியாகச் சுட்டார்கள். விடுதி உரிமையாளரின் மகனான சிறுவன் ஜான் ஜோன்ஸும், மார்ட்டின் செர்ரி என்ற முதியவரும் காவல்துறைக் குண்டுகளுக்குப் பலியானார்கள். கடைசியில் விடுதிக்கே தீ வைத்தார்கள். டான், ஸ்டீவ் ஹார்ட் இருவருடைய உடல்களும் அதில் கருகின. ஜோ பைர்ன் முன்பே குண்டடிபட்டு இறந்திருந்தார். இந்தப் பொறுப்பற்ற செயலுக்குக் காவல்துறை பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சிறுவனை அந்த இரவில் அந்தக் கூரையின்கீழ் அடைத்துவைத்தவர் யார் என்பதற்கும் பதில் வேண்டும்.

நெட் அதிகாலையில் கவசத்தோடு காவலர்களின் பின்பக்கமிருந்து வெளிப்பட்டு, கவசம் மூடாத கால்களில் சுடப்பட்டு வீழ்ந்தார். முன்பே விடுதியை விட்டு வெளியேறியிருந்த அவர் தப்பி ஓடாமல் தம்பிக்காகவும் நண்பர்களுக்காகவும் திரும்பிவந்தார் என்று அவரை மதிப்பவர்கள் சொல்கிறார்கள். அந்தத் துணிச்சலை நான் மறுக்கவில்லை.

அவருடைய வழக்கு நியாயமாக நடந்ததா?

இல்லை என்றே சொல்வேன். 1880 அக்டோபர் 28, 29 ஆகிய இரண்டே நாள்களில் விசாரணை முடிந்தது. அனுபவம் குறைந்த ஒரு வழக்கறிஞர் அவருக்காக வாதாடினார். அவருடைய தாயைச் சிறைக்கு அனுப்பிய அதே ரெட்மண்ட் பாரிதான் நீதிபதி. தற்காப்பு என்ற வாதம் ஜூரிகள் முன் முறையாக வைக்கப்படவே இல்லை. தண்டனையைக் குறைக்கக் கோரி 30,000-க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டார்கள், அரசு ஏற்கவில்லை. நல்ல வழக்கறிஞர் இருந்திருந்தாலும் தீர்ப்பு வேறாக இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் நியாயமான விசாரணை என்பது குற்றவாளி என்று ஊரறிந்தவருக்கும் உரியது.

அவர் தனிக் குடியரசு அமைக்க முயன்றாரா?

வடகிழக்கு விக்டோரியாவைக் குடியரசாக அறிவிக்கத் திட்டமிட்டார் என்று சில வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அப்படியோர் அறிவிப்பு ஆவணம் எதுவும் கையில் இல்லை. அவருடைய கடிதங்களிலும் குடியரசு என்ற திட்டம் காணப்படவில்லை. ஆதாரம் கிடைக்கும்வரை இதை ஒதுக்கி வைப்பதே முறை.

அரசு தன் தவற்றை உணர்ந்ததா?

1881-ல் அமைக்கப்பட்ட விசாரணை ஆணையம் காவல்துறை உயரதிகாரிகளின் திறமையின்மையையும் உட்பூசலையும் கடுமையாகச் சாடியது. பலர் பதவி இழந்தார்கள் அல்லது ஓய்வுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆனால் சாதாரண மக்களுக்கு இழைத்த அநீதிகள் அவ்வளவு எளிதில் கணக்கில் வரவில்லை. 1879-ன் தொடக்கத்தில் கெல்லியின் ஆதரவாளர்கள் என்று சந்தேகிக்கப்பட்ட சுமார் 20 பேரைச் சாட்சியம் எதுவும் முன்வைக்காமல், வாரந்தோறும் காவலை நீட்டித்துச் சிறையில் வைத்திருந்தார்கள். அறுவடைக் காலத்தில் ஆள் இல்லாமல் அவர்களுடைய குடும்பங்கள் பட்ட பாடுதான், காவல்துறை எதிர்பார்த்ததற்கு மாறாக, கெல்லிக்கு மேலும் ஆதரவைப் பெருக்கியது. ஆதரவாளர்களுக்குப் புதிய நிலம் கிடைக்காமல் தடுக்கவும் காவல்துறை முனைந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கெல்லி குழுவைப் பிடிக்க அறிவிக்கப்பட்ட மொத்தப் பரிசு 8000 பவுண்டு. பழங்குடித் தடம் காண்போருக்கு ஆளுக்கு 50 பவுண்டு ஒதுக்கப்பட்டது. ஆனால் பணத்தைக் கையாளத் தெரியாதவர்கள் என்று காரணம் காட்டி, அது அவர்கள் கையில் கொடுக்கப்படவில்லை. நாயகனா கொலைகாரனா என்று இரு தரப்பும் மோதிக்கொள்ளும் விவாதத்தில் இவர்களை இரு தரப்புமே மறந்துவிடுகின்றன.

அப்படியானால் அவரை எப்படித்தான் நினைவுகூர்வது?

நாயகன் என்று அழைக்க என்னால் இயலாது. அநீதிக்கு உள்ளானவர் என்று சொல்வேன். துணிந்தவர், தாயின் மேலும் தம்பியின் மேலும் உயிரை வைத்திருந்தவர் என்றும் சொல்வேன். சிறுவனாக இருந்தபோது ஏவனல் என்ற ஊரில் ஓடையில் மூழ்கிய ரிச்சர்ட் ஷெல்டன் என்ற சிறுவனைக் காப்பாற்றியதற்காக அந்தக் குடும்பம் அளித்த பச்சைப் பட்டு இடைக்கச்சையை, கிளென்ரோவனில் கவசத்துக்குள் அணிந்திருந்தார் என்பதும் பதிவாகியிருக்கிறது. இவையெல்லாம் உண்மை. ஆனால் தாய்க்கு நேர்ந்த அநீதியைக் கென்னடி செய்யவில்லை. ரயில் ஓட்டுநர் செய்யவில்லை. ஒருவருக்கு இழைக்கப்பட்ட கொடுமை, அதில் தொடர்பே இல்லாதவர்களைக் கொல்லும் உரிமையை அவருக்குத் தந்துவிடாது.

வெறும் கொலைகாரன் என்று முத்திரை குத்தி முடித்துவிடுவதும் எனக்கு உடன்பாடில்லை. அப்படிச் செய்தால் நிக்கல்சனின் அறிவுறுத்தலும், பாரியின் தீர்ப்பும், விசாரணையின்றி அடைக்கப்பட்ட குடியானவர்களும் கதையிலிருந்து நழுவிவிடுகிறார்கள். ஆட்சியாளர்களுக்கு அது வசதியாகவும் இருக்கும். என் வேண்டுகோள் எளியது. கெல்லிக்குச் சிலை வைக்கும் ஊர்கள், அதன் அருகிலேயே கென்னடி, லோனிகன், ஸ்கேன்லன், ஷெரிட், ஜான் ஜோன்ஸ், மார்ட்டின் செர்ரி ஆகியோரின் பெயர்களையும் படிக்கும்படி எழுதி வைக்கட்டும். மூன்று காவலர்களுக்கு மான்ஸ்ஃபீல்டு நகரில் 1880-லேயே நினைவுத்தூண் எழுப்பப்பட்டது. ஆனால் அங்கே செல்லும் பயணிகளைவிடக் கிளென்ரோவனின் கவசப் பொம்மைக் கடைகளுக்குச் செல்வோரே மிகுதி.

மெல்பனில் படிக்கும் எங்கள் பிள்ளைக்குப் பள்ளியில் இதே தலைப்பில் கட்டுரை கேட்கிறார்கள். என்ன சொல்லிக்கொடுப்பது?

முடிவைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். ஜெரில்டெரி கடிதத்தையும் மெக்கின்டயரின் சாட்சியத்தையும் அருகருகே வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். லோனிகன் இறந்த அந்தச் சில நொடிகளை இருவரும் எப்படி வெவ்வேறாகச் சொல்கிறார்கள், அப்படிச் சொல்வதால் ஒவ்வொருவருக்கும் என்ன பயன் என்று கேளுங்கள். தூக்குமேடையில் நெட் சொன்னதாகப் பரவியிருக்கும் “வாழ்க்கை இப்படித்தான்” என்ற கடைசி வாசகத்தை அப்படியே எழுத வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அன்று அங்கிருந்த செய்தியாளர்களே அதை ஒரே மாதிரியாகப் பதிவு செய்யவில்லை. பழைய மெல்பன் சிறைக்கு அழைத்துச் செல்ல முடிந்தால் நல்லது. மான்ஸ்ஃபீல்டுக்கும் ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள்.